சோற்றில் குச்சியை நட்டு வைத்த கதை

எட்டு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு சீனர் வீட்டில் சாப்பிடப் போய் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அதோடு நிற்காது, வேறு ஒன்றையும் எழுத வேண்டிவரும் என்று தெரியும். அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மகன் அங்கே வேலையில் இருக்கிறான். அவனோடு வேலை பார்க்கும் சீனப் பையன் ஒருவன், அவர்கள் புத்தாண்டு முடிந்த வாரம், அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வா என்று கூப்பிட்டிருந்தான். அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. வட்ட மேஜை. நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு சுழல்கிறது. அதன்மேல் மீன், கீரை, கோழி, காளான் என்று பாத்திரங்கள். வாசலைப் பார்த்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். அதுதான் முதல் மரியாதைக்குரிய இடம் என்று மகன் காதில் சொன்னான். குச்சி பிடிக்க இரண்டு நாளாகப் பழகியிருந்தேன். வேர்க்கடலையைக்கூட எடுத்துவிடுவேன் என்று ஒரு பெருமை வேறு.

கிண்ணத்தில் சோறு வந்தது. அந்தச் சமயம் பார்த்து டீ ஊற்ற வந்தார்கள். பெரியவர்கள் முன்னால் கோப்பையை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரியாதா? குச்சிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சோற்றில் நேராகக் குத்தி நிறுத்திவிட்டுக் கோப்பையை நீட்டினேன்.

பேச்சு ஒரு நொடி நின்றது. எண்பதைத் தாண்டிய அந்த வீட்டுப் பாட்டி எழுந்து வந்தார். குச்சிகளை மெதுவாக உருவி, பக்கத்தில் இருந்த சின்னத் தாங்கியின்மேல் படுக்க வைத்தார். என் தோளில் லேசாகத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி வீடு திரும்பிய பிறகுதான் மகன் சொன்னான். "அப்பா, செத்தவங்களுக்குப் படைக்கிற சோத்துலதான் அப்படி நட்டு வைப்பாங்க. ஊதுவத்தி மாதிரி."

நல்ல நாளும் அதுவுமாக ஒரு வீட்டில் போய்க் கருமாதிப் படையல் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் அங்கே இருந்த இரண்டு மாதமும் மகன் கொண்டுவந்து கொடுத்த நூலகப் புத்தகங்களில் இதைத்தான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, ஏதோ தூரத்து உறவுக்காரர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. குச்சியால் கிண்ணத்தைத் தட்டக் கூடாது. அது பிச்சை கேட்கிறவன் தட்டும் சத்தம். நம் வீட்டிலும் வெறும் தட்டைத் தட்டினால் பாட்டி அடிக்க வரமாட்டாளா? கடலோரச் சீனர்கள் ஒரு பக்கம் தின்று முடித்த மீனை மறுபக்கம் புரட்ட மாட்டார்கள். புரட்டினால் படகு கவிழும். முள்ளை எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிடுவார்கள். குச்சிக்கு இருந்த பழைய பெயர் ‘நின்று போ’ என்ற சொல்லைப்போல ஒலித்ததாம். படகோட்டிகளுக்கு அது ஆகாது. அதனால் ‘வேகம்’ என்று பொருள்படும்படி பெயரையே மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர்தான். விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்றும், அரிசி ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘நிறைந்திருக்கிறது’ என்றும் சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

நம் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். நுனி இடப்பக்கம் வரவேண்டும். அடிப்பக்கம் அகலம், சோறு வலக்கைக்கு எட்டவேண்டும் என்று அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் இலையைத் திருப்பிப் போட்டுவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் பதறுவது அகலத்துக்காக அல்ல. துக்க வீட்டில்தான் அப்படிப் போடுவார்கள். சாப்பிட்டு முடித்து இலையை மடிப்பதும் அப்படியே. கல்யாண வீட்டில் நம்மை நோக்கி மடிக்க வேண்டும், உறவு தொடரவேண்டும் என்று. துக்க வீட்டில் எதிர்ப்பக்கம், இனி இப்படி ஒரு சாப்பாடு இந்த வீட்டில் வேண்டாம் என்று. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் இதைச் சீனர்களும் மலாய்க்காரர்களும்கூடப் பழகிக்கொண்டார்கள். அங்கே உள்பக்கம் மடித்தால் சாப்பாடு பிடித்திருந்தது என்று பொருள் சொல்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் அன்றைக்கு எனக்குத் தொண்டையில் சிக்கியது. அந்தப் பாட்டி, தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த குச்சியாலேயே மீனில் நல்ல துண்டாக எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். அது பெரிய அன்பு, மறுக்கக் கூடாது. ஆனால் எச்சில் அல்லவா! தண்ணீரை அண்ணாந்து குடித்து வளர்ந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். மீன் நன்றாகத்தான் இருந்தது.

இப்படி ஒரே பாத்திரத்தில் எல்லாருடைய குச்சியும் போய்வருவது சீனர்களின் ஆதிகாலப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது தவறு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், ஹான் அரசர்கள் காலத்தில், அவர்களும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு சின்னப் பலகையில் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள். கல்லறைச் சுவர்களில் அந்த விருந்துகளின் சித்திரங்கள் இருக்கின்றன. விருந்துக்கு அவர்கள் இன்றும் சொல்லும் ஒரு சொல்லின் மூலப்பொருளே பாய்தான். பந்திப்பாய் என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல. அதைவிட எனக்கு ஆச்சரியம், அவர்கள் அன்று சோற்றைக் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். ‘சடங்குகளின் நூல்’ என்று கன்பூசியஸ் மரபில் வரும் பழைய நூல் ஒன்றில், சோற்றை உருட்டி உருண்டை பிடிக்காதே, பிறரோடு உண்ணும்போது கையைச் சுத்தமாக வைத்துக்கொள், தினைச் சோற்றுக்குக் குச்சியை எடுக்காதே, உறிஞ்சிக் குடிக்காதே, நாய்க்கு எலும்பை எறியாதே என்று வரிசையாக விதிகள் வருகின்றன. பெரியவர் குடித்து முடிக்காமல் சிறியவர் கோப்பையில் வாய் வைக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு.

இதைப் படித்ததும் எனக்குப் பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை நினைவுக்கு வந்தது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, நூறு வெண்பா. பள்ளிக்கூடத்தில் நாலைந்து பாட்டு மனப்பாடம் செய்திருப்போம். பெரியவர்களோடு உண்ணும்போது அவர்களுக்கு முன்னால் தொடங்காதே, முன்னால் எழாதே என்று அவரும் சொல்கிறார். கால் கழுவி உட்கார், நின்றோ படுத்தோ தின்னாதே, விருந்தினருக்கும் முதியவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டுச் சாப்பிடு, இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடி. ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு தேசத்துக் கிழவர்கள் பிள்ளைகளை ஒரே மாதிரி அதட்டியிருக்கிறார்கள். இனிப்பை முதலில் வைக்கும் வழக்கத்தை நம் பந்தியில் இன்றைக்கும் விடவில்லை. கசப்பில் முடிப்பதைத்தான் பீடா வந்து கெடுத்துவிட்டது.

பிற்பாடு சீனர்கள் மாறினார்கள். தாங் அரசர்கள் காலத்தில் தொடங்கிச் சோங் காலத்துக்குள் நாற்காலியும் உயரமான மேஜையும் பரவின. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் பாத்திரம் நடுவில்தான் வரும். தனித்தனிப் பலகை போய் எல்லாருக்கும் பொதுவான பாத்திரம் வந்தது. சீனத்தில் சுவான்சௌ என்ற துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சிவன் கோயில் எழுப்பும் அளவுக்குத் தமிழ் வணிகர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அவர்கள் போனபோது வட்டமோ சதுரமோ, மேஜைதான் அவர்களை வரவேற்றிருக்கும். என்னைப்போல அவர்களும் எச்சிலை நினைத்துத் திணறினார்களோ என்னவோ!

நான் பார்த்த சுழலும் தட்டுக்கும் ஒரு கதை உண்டு. பினாங்கில் 1879-இல் பிறந்த ஊ லியென் தே என்ற டாக்டர், 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிளேக்கை அடக்கியவர். முகத்துக்குத் துணிக்கவசம் கட்டச் சொன்னவர்களில் முன்னோடி. ஒரே பாத்திரத்தில் எல்லார் வாய்க் குச்சியும் போனால் நோய் பரவும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் சேர்ந்து உண்ணாதே என்று அவர் சொல்லவில்லை. 1915-இல், நடுவில் சுழலும் தட்டு வையுங்கள், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பரிமாற எனத் தனிக் கரண்டியும் குச்சியும் போடுங்கள் என்று எழுதினார். சுழலும் தட்டு பரவிற்று. பொதுக்குச்சி அவ்வளவாகப் பரவவில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது சீன நகரங்களில் பொதுக்குச்சி வைக்கச் சொல்லி மறுபடி பெரிய பிரசாரம் செய்தார்கள்.

அந்த மேஜையிலும் மேல் கீழ் உண்டு. யார் எந்த நாற்காலி என்பதில் பெரிய சண்டையே வரும். விருந்தாளியோடு வீட்டுப் பெண்கள் உட்காராத ஊர்கள் அங்கேயும் இருந்தன. ஆனால் உட்கார்ந்துவிட்டால் பாத்திரம் ஒன்று. நம்மிடம் வேறு மாதிரி. ஆளுக்கு ஒரு இலை, யார் எச்சிலும் யார்மேலும் படாது. சுத்தம் என்று பார்த்தால் அந்த டாக்டரே மெச்சியிருப்பார். அப்படியும் நம்மால் ஒரே வரிசையில் உட்கார முடியவில்லை. எச்சில் என்பது வேறு, தீட்டு என்பது வேறு. முதலாவது வாயோடு சம்பந்தப்பட்டது, இரண்டாவது பிறப்போடு. முதல் சொல்லைப் போர்வையாக்கி இரண்டாவதை அதற்குள் ஒளித்து வைத்திருந்தோம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

இதற்குச் சரித்திரம் இருக்கிறது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பணம் கொடுத்தது. நாட்டுப்பற்றுள்ள பிள்ளைகளை உருவாக்கும் பள்ளி. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு, பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காக, தனியாகச் சாப்பாடு போட்டார்கள். விஷயம் 1924-இல் வெளியே வந்து பற்றிக்கொண்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. காந்தி வரைக்கும் பஞ்சாயத்து போயிற்று. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்துபோனார். அதே வருஷக் கடைசியில், நமக்குப் பக்கத்து ஊரான காஞ்சிபுரத்தில் நடந்த மாநாட்டோடு, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதால், பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அந்த முறிவில் பெரும் பங்கு இரண்டு இலைகளுக்கு உண்டு.

பெரிய ரயில்வே ஜங்ஷன்களில் சாப்பாட்டு அறைக்குள்ளேயே ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று இரண்டு பகுதி இருந்தது. 1941-இல்தான் அது ஒழிந்தது. ஓட்டல் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதுவதை எதிர்த்து 1957-இல் சென்னையில் மறியல் நடந்தபோது எனக்கு ஆறு வயது. வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துவிட்டுப் பெரியவர்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போட்டது மங்கலாக நினைவிருக்கிறது.

இதையெல்லாம்விட அதிகம் சாதித்தது பள்ளிக்கூடத்துத் தட்டு என்று சொல்வேன். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிவைத்தவர் பிட்டி தியாகராயர். நெசவாளர் குலத்தில் பிறந்து, தறிக்கூடம் வைத்து நடத்தியவர். நம்மவர் என்று ஆரணிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பிறகு 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர். சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்து, யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல் ஒரே கரண்டியில் வாங்கிச் சாப்பிட்ட பிள்ளைகள் இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டார்கள். எல்லாப் பள்ளியிலும் அது சுமுகமாக நடந்தது என்று சொல்லவில்லை. சமைப்பவர் யார் என்று கேட்டுப் பிள்ளையை நிறுத்தியவர்கள் இந்த நூற்றாண்டிலும் உண்டு.

இப்போது தள்ளிப் போட்டதைச் சொல்கிறேன்.

1962 என்று நினைக்கிறேன், எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீட்டில் கல்யாணம். தெருவை அடைத்துக் கொட்டகை, நீளமாகப் பந்திப்பாய். நாங்கள் ஆறு தறி வைத்திருந்த குடும்பம். எங்களுக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். வேறு தெரு, வேறு சாதி. கொதிக்கும் அண்டாவில் நூலைக் கழியில் மாட்டி முக்கி முக்கித் திருப்புவார். அவர் கொண்டுவரும் அரக்குக்கு ஈடு கிடையாது என்று அப்பா சொல்வார். பத்திரிகை வைத்துத்தான் கூப்பிட்டிருந்தோம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அவர் இலையில் தண்ணீர் தெளித்து, உப்பும் இனிப்பும் வைத்தாகிவிட்டது.

பந்தி விசாரித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "அவர்கிட்ட போயி, அடுத்த பந்தியில உக்காரச் சொல்லுடா. கையெல்லாம் சாயம். பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

நான் போய்ச் சொன்னேன். கையில் சாயமாக இருக்கிறதாம் என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்பு; எத்தனை கழுவினாலும் போகாத சிவப்பு. "சரிப்பா" என்று எழுந்தார். பெரியவர்கள் எழும் முன்னால் எழாதே என்ற விதியை அன்றைக்கு அந்த வரிசையில் மீறியவர் அவர் ஒருவர்தான். அந்த இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டு வேறு ஒருவரை உட்கார வைத்தார்கள். இரண்டு ஆள் தள்ளி என் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் கையுதவிக்கு ஆள் கிடைக்காமல் அவரே கிளிப்பச்சைச் சாயம் போட்டிருந்தார். அவர் விரல்களும் பச்சைதான். அவரை யாரும் எழுப்பவில்லை.

ஒருவருக்கு ஒரு கரண்டி கூட, இன்னொருவருக்கு ஒரு கரண்டி குறைவாகப் பரிமாறுவதைப் பந்தி வஞ்சனை என்பார்கள். பெரிய பாவம் என்று எங்கள் பாட்டி சொல்வாள். ஆளையே எழுப்பிவிடுவதற்கு அவளிடம் ஒரு பெயரும் இல்லை. அடுத்த பந்தியிலும் அதற்கடுத்ததிலும் நான் அவரைத் தேடினேன், இல்லை. திங்கட்கிழமை வழக்கம்போலச் சாயம் போட்ட நூலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பெரியப்பா நல்லவர், ஊருக்கு உதவியவர். அதையும் சொல்ல வேண்டும். சொல்லியனுப்பியது அவர், போய்ச் சொன்ன வாய் என்னுடையது.

சிங்கப்பூர் விருந்துக்கு இரண்டு வருஷம் கழித்து அந்தச் சீனப் பையன் இந்தியா வந்தான். பட்டு முதன்முதலில் அவர்கள் தேசத்தில் பிறந்த பொருள். இங்கே அதை என்ன செய்கிறோம் என்று பார்க்க ஆசை. ஆரணிக்கு அழைத்து வந்தேன். தறி பார்த்தான், பாவு பார்த்தான், ஜரிகை பார்த்தான். சாயம் போடுவதையும் பார்க்கவேண்டும் என்றான். நம் ஊரில் இப்போது அந்தத் தொழிலை நன்றாகச் செய்பவர், அந்தப் பெரியவருடைய மகன். அவருக்கே அறுபது நெருங்குகிறது. அவர் அப்பா போய் முப்பது வருஷம் ஆகிறது. பட்டறையைச் சுற்றிக் காட்டிவிட்டு, "கை நனைக்காம போகக் கூடாதுண்ணா" என்று வீட்டுக்குள் அழைத்துப் போய்விட்டார்.

கூடத்தில் பாய் விரித்து வரிசையாக இலை போட்டார்கள். சீனப் பையனை நடுவில் உட்கார வைத்தார்கள். கையால் சாப்பிட அவன் பட்ட பாடு நான் குச்சியோடு பட்டதற்குக் குறைந்ததல்ல. ரசம் முழங்கை வரை ஓடிற்று. உங்கள் முன்னோரும் கையால்தான் சாப்பிட்டார்கள் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. சாப்பிட்டு முடித்ததும், எல்லாரும் செய்வதைப் பார்த்து மடிக்கவேண்டும் என்று மட்டும் புரிந்துகொண்டு, இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டான். வீட்டு அம்மா மோர்ப் பாத்திரத்தோடு வந்தவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குனிந்து, அந்த இலையைப் பிரித்து, அவன் பக்கமாக மடித்து வைத்துவிட்டு நகர்ந்தார்.

என் இலையில் மோர்ச்சோறு இன்னும் பாக்கி. பக்கத்தில் நின்ற அவரிடம், ஐம்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லாமல் வைத்திருந்ததை மெதுவாகச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கல்யாணம், அவர் அப்பா, முதல் பந்தி. முடிக்குமுன்னே அவர் தலையாட்டினார்.

"அப்பா சொல்லியிருக்காருண்ணா. அந்தப் பையன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்னும் சொல்லியிருக்காரு. இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுமா?"

ஊற்றச் சொன்னேன். அவர் கை அன்றைக்கு நீலமாக இருந்தது.